ஃபெட் கூட்டம் வரை காத்திருக்கலாமா? அமெரிக்க வீட்டுக்கடனில் ரேட் லாக் செய்ய ஏற்ற நேரம்

2024 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தன் வட்டியை அரை சதவீதம் குறைத்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் குறைப்பு அது. நவம்பரில் இன்னொரு கால், டிசம்பரில் இன்னொரு கால் என்று மூன்றே மாதங்களில் முழுதாக ஒரு சதவீதம் இறங்கியது. வீடு வாங்க ஒப்பந்தம் போட்டவர்களில் பலர், "ஃபெட் குறைக்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் இறங்கும், பொறுத்து லாக் செய்யலாம்" என்று, அதாவது கடன் வட்டியை உறுதிப்படுத்துவதைத் தள்ளிப்போடலாம் என்று, அப்போது கணக்குப் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஃபிரெடி மேக் நிறுவனம் வாரந்தோறும் வெளியிடும் கணக்கின்படி, 30 ஆண்டு நிலைவட்டிக் கடனின் சராசரி வட்டி செப்டம்பர் 26 அன்று 6.08 சதவீதம். 2025 ஜனவரி 16 அன்று அதே சராசரி 7.04 சதவீதம். ஃபெட் ஒரு சதவீதம் இறக்கிய அதே காலத்தில் வீட்டுக்கடன் வட்டி ஏறக்குறைய ஒரு சதவீதம் ஏறியிருந்தது. 4 லட்சம் டாலர் கடனுக்கு இந்த வித்தியாசம் மாதத் தவணையில் சுமார் 250 டாலர். முப்பது ஆண்டுக்கும் அதே தவணைதான்.

இதை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. 2022 மார்ச் 16 அன்று ஃபெட் வட்டியை ஏற்றத் தொடங்கியது. அன்றைய ஏற்றம் வெறும் கால் சதவீதம். ஆனால் அந்த ஆண்டு ஜனவரி முதல் வாரம் 3.22 ஆக இருந்த வீட்டுக்கடன் வட்டி, அதற்குள் 4.16 ஆகிவிட்டது. "ஃபெட் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்களுக்கு, ஃபெட் கையை உயர்த்தும் முன்பே ஏறக்குறைய ஒரு சதவீதம் கைவிட்டுப் போயிருந்தது.

ஆகவே எப்போது லாக் செய்வது என்று கேட்பவர், இந்த வட்டி எங்கே தீர்மானமாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வட்டி பிறக்கும் இடம்

ஃபெட் தீர்மானிப்பது வங்கிகள் ஒன்றுக்கொன்று ஓரிரவுக்குக் கொடுத்துக்கொள்ளும் பணத்தின் வட்டியை. கிரெடிட் கார்டு, வீட்டின் மதிப்பை வைத்து எடுக்கும் ஹீலாக் கடன் போன்றவை அதோடு நேரடியாகக் கட்டப்பட்டவை. 30 ஆண்டு நிலைவட்டிக் கடன் அப்படிக் கட்டப்பட்டதல்ல. உங்களுக்குக் கடன் தரும் நிறுவனம் பெரும்பாலும் அதைத் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. சில வாரங்களில் ஃபேனி மே, ஃபிரெடி மேக் போன்றவற்றின் வழியாக அந்தக் கடன் ஆயிரக்கணக்கான மற்ற கடன்களோடு சேர்ந்து ஒரு பத்திரமாகி, முதலீட்டாளர்களிடம் போய்விடும். அந்தப் பத்திரத்தை வாங்க முதலீட்டாளர் என்ன வருமானம் கேட்கிறாரோ, அதிலிருந்துதான் உங்கள் வட்டி பிறக்கிறது.

முதலீட்டாளர் அதை அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரமான டிரெஷரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். கடன் 30 ஆண்டுக்கு என்றாலும், மக்கள் வீட்டை விற்பதாலும், புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்கும் ரீஃபைனான்ஸ் செய்வதாலும் நடைமுறையில் அது அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால்தான் 10 ஆண்டு. டிரெஷரி வட்டிக்கு மேல் ஒரு கூடுதல் வைத்தால் வீட்டுக்கடன் வட்டி. 2010களில் இந்தக் கூடுதல் 1.7 சதவீதப் புள்ளியை ஒட்டி இருந்தது. ஃபெட் இந்தப் பத்திரங்களை வாங்குவதை நிறுத்தித் தன் கையிருப்பைக் கரைக்கத் தொடங்கிய பிறகு, 2023 இல் அது 3 புள்ளியை நெருங்கியது.

10 ஆண்டுப் பத்திரம் இன்றைய ஃபெட் வட்டியைப் பார்ப்பதைவிட, வரப்போகும் ஆண்டுகளின் பணவீக்கம், வேலைவாய்ப்பு, அரசின் கடன் தேவை ஆகியவற்றையே அதிகம் பார்க்கிறது. 2024 செப்டம்பருக்கு முன்பே சந்தை குறைப்பை எதிர்பார்த்து விலையில் சேர்த்துவிட்டது. அக்டோபர் முதல் வாரம் வந்த வேலைவாய்ப்பு அறிக்கை எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. பணவீக்கம் முழுதாக அடங்கவில்லை. டிசம்பரில், 2025 இல் இரண்டு குறைப்புகளே இருக்கலாம் என்று ஃபெட் தானே சொன்னது. செப்டம்பர் நடுவில் 3.6 சதவீதத்தை ஒட்டி இருந்த 10 ஆண்டுப் பத்திர வட்டி, ஜனவரி நடுவில் 4.8 ஐ ஒட்டி நின்றது. வீட்டுக்கடன் அதன் பின்னாலேயே போனது.

செய்தியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஏற்கெனவே விலையில் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். "அடுத்த மாதம் ஃபெட் குறைக்கப் போகிறதாம்" என்ற தகவல் உங்களுக்குத் தெரிகிறது என்றால், பல கோடி டாலர் பத்திரம் வைத்திருப்பவருக்கு அது எப்போதோ தெரியும். இனி சந்தையை அசைக்கப் போவது யாரும் எதிர்பாராத ஒன்று. அது எந்தப் பக்கம் அசைக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, லோன் ஆபீசருக்கும் தெரியாது. அவர் நம்பிக்கையோடு சொன்னாலும் தெரியாது.

லாக் என்றால் என்ன வாங்குகிறோம்

விண்ணப்பித்த நாளுக்கும், கையெழுத்தாகி வீடு கைமாறும் நாளான குளோசிங்குக்கும் இடையே வழக்கமாக ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகிறது. அந்த இடைவெளியில் வட்டி தினமும் மாறும். கடன் நிறுவனங்கள் காலையில் ஒரு விலைப்பட்டியல் போடும். சந்தை குலுங்கினால் மதியமே அதை மாற்றிவிடும். லாக் செய்தால் குறிப்பிட்ட நாள் வரை, குறிப்பிட்ட வட்டியும் அதற்குரிய பாயின்ட் கட்டணமும் உங்களுக்கு உறுதி. 30, 45, 60 நாள் என்று காலங்கள் உண்டு. ஒரு பாயின்ட் என்பது கடன் தொகையில் ஒரு சதவீதம்.

பல இடங்களில் "லாக் இலவசம்" என்பார்கள். தனியாகப் பணம் வாங்குவதில்லை என்பது உண்மை. இலவசம் என்பது உண்மையல்ல. நீங்கள் லாக் செய்ததும் அந்த நிறுவனத்தின் வர்த்தகப் பிரிவு, வீட்டுக்கடன் பத்திரங்களை முன்கூட்டியே விற்று அந்த அபாயத்தைச் சமன் செய்துகொள்ளும். வட்டி ஏறினால் உங்கள் கடனின் மதிப்பு குறையும், ஆனால் முன்விற்பனையில் லாபம் வரும். இதற்கு ஒரு செலவு உண்டு. அதைவிடப் பெரிய செலவு, நீங்கள் ஓடிவிடக்கூடும் என்பது. லாக் நிறுவனத்தைக் கட்டிப்போடுகிறது, உங்களைக் கட்டிப்போடுவதில்லை. வட்டி இறங்கினால் நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். ஏறினால் அவர்கள் பின்வாங்க முடியாது. இந்த ஒருதலைச் சலுகையின் விலை உங்கள் வட்டிக்குள்ளேயே இருக்கிறது. காலம் நீள நீள அந்த விலை கூடும். 30 நாளுக்கும் 60 நாளுக்கும் இடையே அரைக்கால் பாயின்ட் வித்தியாசம் என்று வைத்தால், 4 லட்சம் டாலர் கடனுக்கு 500 டாலர்.

அதனால் தேவைக்கு மேல் நீண்ட லாக் வீண். தேவைக்குக் குறைந்த லாக் அதைவிட மோசம். ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

காத்திருந்தால் என்ன லாபம், என்ன நஷ்டம்

இனி கணக்குக்கு வருவோம். 4 லட்சம் டாலர், 30 ஆண்டு. 6.5 சதவீதத்தில் மாதத் தவணை 2,528 டாலர். 6.625 இல் 2,561. அதாவது அரைக்கால் சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் மாதம் 33 டாலர். ஒரு மாதம் காத்திருப்பதில் பெரும்பாலும் இந்த அளவு அசைவுதான் இருக்கும். சில மாதங்களில் மட்டும் பெரிதாகக் குலுங்கும்.

காசு சுண்டுவதுபோல இரண்டு பக்கமும் சமம் என்றால், காத்திருப்பதும் காத்திருக்காததும் ஒன்றுதானே என்று தோன்றும். இரண்டு பக்கமும் சமமில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

நீங்கள் இன்று 6.75 இல் லாக் செய்துவிட்டீர்கள். இரண்டு ஆண்டு கழித்து வட்டி 5.75 ஆகிறது. ரீஃபைனான்ஸ் செய்யலாம். தவணை சுமார் 260 டாலர் குறையும். அதற்கு 8,000 டாலர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 31 மாதத்தில் செலவு மீளும். அந்த வீட்டில் அதற்கு மேலும் இருக்கப் போகிறீர்கள் என்றால் லாபம். மாறாக, லாக் செய்யாமல் காத்திருந்து வட்டி 7.5 ஆகிவிட்டால்? பழைய 6.75 க்குத் திரும்ப எந்த வழியும் இல்லை. இறங்கும் சந்தைக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஏறும் சந்தைக்கு அந்தக் கதவு இல்லை.

அதுவும் போகட்டும். வட்டி ஏறினால் தவணை ஏறுவதோடு நிற்காது, கடனே கிடைக்காமல் போகலாம். கார் கடன், கல்விக் கடன், புது வீட்டுத் தவணை, சொத்துவரி, காப்பீடு எல்லாம் சேர்த்து உங்கள் மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று கடன் நிறுவனம் பார்க்கும். ஏற்கெனவே அந்த விளிம்பில் நிற்பவருக்குக் கால் சதவீத ஏற்றம் போதும், ஒப்புதல் கையைவிட்டுப் போகும். ஒப்பந்தம் முறிந்து, ஒப்பந்தத்தோடு கொடுத்த அட்வான்ஸை இழக்கும் நிலைகூட வரலாம். விளிம்பில் இருப்பவர்கள் சந்தையோடு விளையாடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. 80 சதவீதம் முன்பணம் போட்டு வாங்குபவர் வேண்டுமானால் வேடிக்கை பார்க்கலாம்.

ரீஃபைனான்ஸ் கதவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2022, 2023 இல் அமெரிக்க வீட்டு ஏஜென்ட்கள் ஒரு முழக்கத்தைப் பரப்பினார்கள்: வீட்டைத்தான் கல்யாணம் கட்டுகிறீர்கள், வட்டியோடு சும்மா பழகுகிறீர்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. 2023 அக்டோபரில் சராசரி 7.79 ஐத் தொட்டது. அதை ஒட்டி வாங்கியவர்களுக்கு ஓராண்டிலேயே ஓரளவு வாய்ப்பு வந்தது உண்மை. ஆனால் 2022 தொடக்கத்தில் 4 சதவீதத்தில் வாங்கி "இது 3 க்குத் திரும்பும்" என்று நம்பியவர்களுக்கு இன்றுவரை அந்தக் கதவு திறக்கவில்லை. இன்றைய தவணையை இன்றைய சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கதவு திறந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இன்னொன்று: இந்த வாதம் அமெரிக்காவுக்கு மட்டுமே. கடனை முன்கூட்டி அடைக்க இங்கே சாதாரண வீட்டுக்கடன்களில் அபராதம் கிடையாது. 2014 இல் வந்த விதிகள் அதை மிகவும் கட்டுப்படுத்திவிட்டன. கனடாவில் இருக்கும் உறவினரிடம் இதே அறிவுரையைச் சொல்லாதீர்கள். அங்கே ஐந்தாண்டு நிலைவட்டியை இடையில் முறித்தால், மூன்று மாத வட்டி அல்லது வட்டி வித்தியாசக் கணக்கு, எது அதிகமோ அது அபராதமாக வரும். அது ஐந்து இலக்கத்தைத் தொடுவதும் உண்டு. இந்தியாவிலோ பெரும்பாலான வீட்டுக்கடன் மாறும் வட்டி. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. ரிசர்வ் வங்கி குறைத்தால் உங்கள் வட்டியும் தானாகக் குறையும். சென்னையில் அண்ணன் "ஆர்பிஐ குறைத்தது, எனக்கு ஈஎம்ஐ குறைந்துவிட்டது" என்று சொல்வதைக் கேட்டு, டல்லாஸில் தம்பி ஃபெட் கூட்டத்துக்குக் காத்திருப்பது இதனால்தான் பொருந்தாமல் போகிறது.

எந்த நாளில் லாக் செய்வது

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு முடிவாகி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, குளோசிங் தேதி தெரிந்து, தவணை உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் லாக் செய்துவிடுங்கள். ஃபெட் கூட்டம் அடுத்த வாரமா, நேற்று முடிந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை. பொதுவாக, முகவரி இல்லாமல் லாக் கிடையாது. வீடு தேடும்போதே லாக் செய்ய விடும் திட்டங்களைச் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அவற்றின் விலையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

எத்தனை நாள் லாக் என்பதில்தான் உண்மையில் யோசிக்க வேண்டியிருக்கிறது. குளோசிங் 35 நாளில் என்றால் 30 நாள் லாக் போதாது என்பது வெளிப்படை. 45 போதுமா என்றால், உங்கள் காகிதங்களில் எது மிக மெதுவாக வரும் என்று பாருங்கள். வீட்டின் மதிப்பீடான அப்ரெய்சல் தாமதமாகலாம். காண்டோ எனும் அடுக்குமாடி வீடு என்றால் அந்தக் கட்டட சங்கத்தின் ஆவணங்கள் வர நாளாகலாம். விற்பவர் தன் வேறு வீட்டை வாங்கிய பிறகுதான் காலி செய்வார் என்றால் அதுவும் ஒரு கண்ணி.

நம்மவர்களுக்குப் பெரும்பாலும் மெதுவாக வருவது ஊரிலிருந்து வரும் பணம். கடன் நிறுவனம் கடைசி இரண்டு மாத வங்கிக் கணக்கைக் கேட்கும். அதில் பெரிய தொகை வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் கேட்கும். அப்பா அனுப்பினால் அது கடனல்ல, அன்பளிப்பு என்று கடிதம் வேண்டும். இந்தியாவிலிருந்து அவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது இரண்டரை லட்சம் டாலர் வரை. இந்திய வருமானத்துக்காக நீங்கள் அங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து கொண்டுவந்தால் ஆடிட்டர் சான்றிதழ், வங்கியின் சரிபார்ப்பு என்று வாரக்கணக்கில் போகும். ஊரில் நிலம் விற்ற பணம் என்றால் வரிப்பிடித்தம், பத்திர நகல், அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு என்று இன்னும் நீளும். பணம் அமெரிக்கக் கணக்குக்கு வந்து சேரும் முன் 30 நாள் லாக் போடுவது, ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு வீட்டில் குழம்பு கொதிக்கக் காத்திருப்பது மாதிரி. முதலில் பணத்தை நகர்த்துங்கள், அப்புறம் லாக்.

ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் வேறு இரண்டு விஷயங்களையும் கவனிக்க வேண்டும். குளோசிங்குக்குச் சில நாள் முன்பு கடன் நிறுவனம் உங்கள் முதலாளியைக் கூப்பிட்டு, இன்னும் வேலையில் இருக்கிறீர்களா என்று உறுதி செய்யும். லாக் செய்த பிறகு கம்பெனி மாறினால், வருமானத்தை முதலிலிருந்து சரிபார்ப்பார்கள், தேதி தள்ளிப்போகும். அடுத்து, 2025 மே 25 முதல், அரசின் எஃப்ஹெச்ஏ அமைப்பு காப்பீடு தரும் கடன்கள் ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. அதை நம்பி ஆரம்பித்துவிட்டு நடுவில் வேறு வகைக் கடனுக்கு மாறினால் பழைய லாக் செல்லாது.

லாக் உடைவதற்கு வேறு வழிகளும் உண்டு. கடன் தொகை மாறினால், முன்பணம் 20 இலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தால், மதிப்பீடு குறைவாக வந்தால், புது சோபாவைக் கடனில் வாங்கி கிரெடிட் ஸ்கோர் இறங்கினால் விலை மறுபடி போடப்படும். லாக் என்பது ஒரு குறிப்பிட்ட விண்ணப்பத்துக்குத் தரப்படும் உறுதி. விண்ணப்பம் மாறினால் உறுதியும் மாறும்.

காத்திருப்பவர்களுக்கு

இத்தனைக்கும் பிறகு சிலர் காத்திருக்கத்தான் போகிறார்கள். அதில் தவறில்லை, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால். குளோசிங் இன்னும் 70, 80 நாள் தள்ளி இருக்கிறது, நீண்ட லாக்கின் விலை அதிகம், தவணை அரை சதவீதம் ஏறினாலும் தாங்கும் என்றால் 45 நாள் லாக்குக்குள் வரும்வரை பொறுப்பது சரியான முடிவாகவே இருக்கலாம்.

ஆபத்தான நாட்கள் எவை என்று நாட்காட்டியிலேயே தெரியும். மாதாந்திர வேலைவாய்ப்பு அறிக்கை, வழக்கமாக முதல் வெள்ளிக்கிழமை. நுகர்வோர் விலைக் குறியீடு, மாதத்தின் நடுவை ஒட்டி. இரண்டும் கிழக்கு நேரம் காலை 8.30 க்கு வெளிவரும். ஃபெட் கூட்டங்கள் ஆண்டுக்கு எட்டு. இவை எப்படிக் குலுக்கும் என்பதற்கு 2022 ஆம் ஆண்டே போதும். ஜூன் 10 அன்று மே மாதப் பணவீக்கம் 8.6 சதவீதம் என்று வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கடன் சராசரி 5.23 இலிருந்து 5.78 க்குத் தாவியது. 1987 க்குப் பிறகு ஒரே வாரத்தில் அவ்வளவு பெரிய ஏற்றம் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 10 அன்று பணவீக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக, 7.7 என்று வந்தது. சராசரி 7.08 இலிருந்து 6.61 க்கு ஒரே வாரத்தில் விழுந்தது. ஜூனில் காத்திருந்தவர் அழுதார், நவம்பரில் காத்திருந்தவர் சிரித்தார். இருவருக்கும் முந்தைய நாள் இருந்த அறிவு ஒன்றேதான்.

2025 ஏப்ரலில் இறக்குமதி வரி அறிவிப்புகள் வந்தபோது இன்னும் வேடிக்கை. 10 ஆண்டுப் பத்திர வட்டி முதலில் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. ஒரே வாரத்தில் 4.5 வரை ஏறியது. "பங்குச்சந்தை விழுகிறது, அதனால் வட்டி இறங்கும்" என்ற பாடப்புத்தக விதியை நம்பி அந்த வாரம் பொறுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

காத்திருப்பதானால் இரண்டு எண்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: இவ்வளவு இறங்கினால் லாக், இவ்வளவு ஏறினாலும் லாக். இரண்டாவது எண்தான் முக்கியம், மக்கள் எழுதாமல் விடுவதும் அதுதான். ஏறிய பிறகு "சற்று இறங்கட்டும்" என்று இன்னும் ஒரு வாரம், பிறகு இன்னும் ஒரு வாரம் என்று தள்ளுவது நம் எல்லாருடைய சுபாவம். குளோசிங்குக்குப் பத்து நாள் முன்பு எந்த விலையிலும் லாக் செய்தே ஆக வேண்டிய நிலை வந்துவிடும்.

ஃபிரெடி மேக்கின் வியாழக்கிழமை எண்ணைப் பார்த்து நாள் குறிக்கவும் வேண்டாம். அது கடந்த வாரத்தின் நாடு தழுவிய சராசரி. உங்கள் ஸ்கோர், உங்கள் முன்பணம், உங்கள் மாநிலம், இன்று காலைச் சந்தை எதுவும் அதில் இல்லை. அதைவிட உருப்படியான வேலை, ஒரே நாளில் மூன்று நிறுவனங்களிடம் ஒரே பாயின்ட், ஒரே லாக் காலம் வைத்து விலை கேட்பது. திங்கள் ஒருவரிடமும் வியாழன் ஒருவரிடமும் கேட்டால் நிறுவனங்களை ஒப்பிட்டதாகாது, நாட்களை ஒப்பிட்டதாகும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே கால் சதவீத வித்தியாசம் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு மாதம் சந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அது உறுதியாகக் கிடைக்காது. பல இடங்களில் கேட்டால் ஸ்கோர் விழும் என்ற பயமும் தேவையில்லை. இரண்டு வாரத்துக்குள் வரும் வீட்டுக்கடன் விசாரணைகளை ஸ்கோர் கணக்கு ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. புதிய முறைகளில் 45 நாள் வரை.

லாக் செய்த பிறகு வட்டி இறங்கினால்? ஃப்ளோட் டவுன் என்ற வசதி அதற்குத்தான். கட்டணம் இருக்கும், அல்லது வட்டியிலேயே சேர்ந்திருக்கும். குறைந்தது கால் சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும், ஒரே முறைதான், குளோசிங்குக்கு இத்தனை நாள் முன் என்றெல்லாம் நிபந்தனைகள் வரும். 30 நாள் லாக்குக்கு இதைப் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் வீண் என்பேன். பில்டரிடம் புது வீடு வாங்கி ஆறு மாதம், ஒன்பது மாதம் லாக் செய்கிறவர்களுக்குத்தான் இது பொருள் தரும். அவ்வளவு நீண்ட காலத்தில் எதுவும் நடக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டாலும், சந்தை நன்றாக இறங்கியிருந்தால் லோன் ஆபீசரிடம் நேராகக் கேளுங்கள். நீங்கள் வேறு இடம் போய்விடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. கொஞ்சம் குறைத்துக்கொடுக்கப் பல நிறுவனங்களில் உள்விதிகளே இருக்கின்றன. கேட்காதவருக்குக் கொடுப்பதில்லை.

காகிதத்தில் என்ன இருக்கிறது

விண்ணப்பித்த மூன்று வேலைநாட்களுக்குள் லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கப் படிவம் வரவேண்டும். முதல் பக்கத்தின் மேல்பகுதியிலேயே ரேட் லாக் என்ற இடத்தில் ஆம், இல்லை என்று குறித்திருக்கும். ஆம் என்றால் எந்தத் தேதி, எந்த நேரம், எந்த நேர மண்டலம் வரை என்பதும் இருக்கும். போனில் "லாக் பண்ணிட்டேன் சார், கவலைப்படாதீங்க" என்று சொன்னது கணக்கில் வராது. லாக் ஆன பிறகு திருத்திய படிவம் வர வேண்டும். அதில் வட்டி மட்டுமல்லாமல் பாயின்ட்டும் நீங்கள் பேசியதுதானா என்று பாருங்கள். வட்டியை அப்படியே வைத்துக்கொண்டு பாயின்ட்டை ஏற்றினாலும் உங்களுக்கு நஷ்டம்தான்.

கடைசியாக, லாக் முடியும் தேதி குளோசிங்குக்கு முன்னால் வந்துவிட்டால் என்ன என்பது. நீட்டிப்புக் கட்டணம் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வரும். நீட்டிக்காமல் காலாவதியாக விட்டு, சந்தை இறங்கியிருப்பதால் அதே நிறுவனத்தில் புதிதாக லாக் செய்யலாம் என்று நினைத்தால் நடக்காது. பழைய வட்டி, இன்றைய வட்டி இரண்டில் எது உங்களுக்கு மோசமோ அதைத்தான் பல நிறுவனங்கள் தரும். அதிலிருந்து விடுபட ஒரு மாதம்போலக் காத்திருக்க வேண்டும். எனவே லாக் செய்யும் நாளிலேயே மூன்று கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்: நீட்டிப்புக்கு நாளுக்கு எவ்வளவு, அப்ரெய்சலோ, விண்ணப்பத்தை ஆராய்ந்து ஒப்புதல் தரும் அண்டர்ரைட்டிங்கோ நிறுவனத்தின் பக்கம் தாமதமானால் அந்தக் கட்டணம் யாருடையது, விற்பவரால் தாமதமானால் யாருடையது. தங்கள் தவறால் நேர்ந்த தாமதத்துக்கு நிறுவனமே கட்டணத்தை ஏற்றுக்கொள்வது பரவலான வழக்கம். ஆனால் தாமதம் நடந்த பிறகு அது யார் தவறு என்பதில் ஆளுக்கொரு கதை வரும். அப்போது அந்த மின்னஞ்சல் உதவும். லாக் முடிய ஏழெட்டு நாள் இருக்கும்போதே எல்லா ஆவணமும் அண்டர்ரைட்டர் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் முன்பே கேளுங்கள்.